நிராகரிக்கப்பட்டது நீங்களா, வீடா?

கேள்வி: நானும் என் கணவரும் கோவையில் வசிக்கிறோம். திருமணமாகி ஐந்து வருடம் ஆகிறது. முதல் முறையாகச் சொந்த வீடு வாங்க முயற்சி செய்கிறோம். துடியலூர் பக்கம் 3 சென்ட்டில் ஒரு பழைய தனி வீடு, 58 லட்சம் பேசி, 3 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து 3 மாதத்துக்கு அக்ரிமென்ட் போட்டோம். 46 லட்சம் கடன் கேட்டோம். கணவருக்கு சிபில் ஸ்கோர் 786, எனக்கு 771. இதுவரை ஒரு தவணைகூடத் தவறியதில்லை. ஆனால் முதலில் ஒரு தனியார் வங்கி ‘பாலிசிக்குள் வரவில்லை’ என்று சொல்லிவிட்டது. அடுத்து ஒரு அரசு வங்கியில் என்னையும் சேர்த்து விண்ணப்பித்தோம். அங்கே லீகலில் ‘தங்கை கையெழுத்து இல்லை’ என்கிறார்கள், வேல்யூவர் 49 லட்சம்தான் போட்டிருக்கிறார், மாடிக்கு அப்ரூவல் இல்லை என்கிறார்கள். பதற்றத்தில் ஆப் மூலமாக இன்னும் நான்கு இடத்தில் அப்ளை செய்ததில் கணவரின் ஸ்கோர் 761 ஆகிவிட்டது. புரோக்கரோ, ‘பத்திரத்தில் 40 லட்சம் போட்டுக்கொள்ளலாம், வட்டி கொஞ்சம் கூட இருந்தாலும் நான் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் வாங்கித் தருகிறேன்’ என்கிறார். அக்ரிமென்ட் முடிய இன்னும் ஐந்து வாரம்தான். நாங்கள் செய்த தப்பு என்ன? (கணவர் சம்பளம் கையில் 68,000. அதில் சுமார் 12,000 இன்சென்டிவ். நான் தனியார் பள்ளி ஆசிரியை, வங்கியில் வரும் சம்பளம் 22,000. டியூஷனில் 15,000 ரொக்கமாக வரும். சேமிப்பு, கொடுத்த அட்வான்ஸையும் சேர்த்து 12 லட்சம்.)
— பெயர் வேண்டாம், கோவை

பதில்:

சகோதரி, உங்கள் கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய கடன் விவரங்களையும் வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ‘தப்பு’ என்ற வார்த்தையை முதலில் தூக்கிப் போடுங்கள். உங்களுக்கு நடந்தது ஒரு நிராகரிப்பு இல்லை, இரண்டு. முதல் வங்கி வேண்டாம் என்றது உங்கள் வருமானக் கணக்கை. இரண்டாவது வங்கி வேண்டாம் என்றது வீட்டை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. இது புரியாமல்தான் நான்கு இடத்தில் ஓடி அப்ளை செய்திருக்கிறீர்கள்.

வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான், அதில் பாதிக் காலம் வீட்டுக் கடன் மேசையில். ஸ்கோர் நல்லா இருந்தும் ஏன் சார் இல்லைன்னு சொல்றீங்க என்று கண் கலங்கிக் கேட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சிபில் ஸ்கோர் 300-லிருந்து 900 வரை. அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இதுவரை வாங்கிய கடனை இவர் எப்படித் திருப்பிக் கட்டினார். உங்கள் சம்பளம் எவ்வளவு என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. நீங்கள் வாங்கப் போகும் வீட்டின் மூலப் பத்திரத்தை அது பார்த்ததே இல்லை.

முதலில் உங்கள் வருமானம். கணவர் பெயரில் ஓடும் கடன்கள்: கல்யாணத்துக்கு வாங்கிய பர்சனல் லோன் மாதம் 9,800, பைக் 4,100, போனுக்கும் வாஷிங் மெஷினுக்கும் சேர்த்து ‘நோ காஸ்ட்’ தவணை 3,600. மொத்தம் 17,500. வங்கிக்கு வங்கி வித்தியாசம் உண்டு என்றாலும், இந்தச் சம்பளத்துக்கு எல்லாத் தவணைகளும் சேர்ந்து வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதே பொதுவான கணக்கு. இன்சென்டிவை முழுதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பாதி எடுப்பார்கள். ஆக, கணவரின் வருமானம் அவர்கள் கண்ணுக்கு 62,000. அதில் பாதி 31,000. ஏற்கனவே கட்டும் 17,500 போக மிச்சம் 13,500.

எட்டரை சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 868 ரூபாய். 13,500 ரூபாய் தவணைக்கு எவ்வளவு கடன் வரும்? பதினைந்தரை லட்சம். நீங்கள் கேட்டதோ 46. ‘பாலிசிக்குள் வரவில்லை’ என்பதன் தமிழாக்கம் இதுதான். கவனித்தீர்களா, அந்த 17,500-ஐத் தவறாமல் கட்டியதால்தான் ஸ்கோர் 786 வந்தது. அதே 17,500 இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால்தான் கடன் வரவில்லை.

உங்களைக் கோ-அப்ளிகன்டாகச் சேர்த்தால் 62,000 கூட்டல் 22,000, மொத்தம் 84,000. பாதி 42,000. தவணைகள் போக 24,500, அதற்கு 28 லட்சம் வரும். டியூஷன் பணம் ரொக்கமாக வந்து ரொக்கமாகவே செலவாவதால் வங்கியைப் பொறுத்தவரை அப்படி ஒரு வருமானம் இல்லை. வங்கிக் கணக்கில் போட்டு, வருமான வரிக் கணக்கிலும் காட்டி, பொதுவாக இரண்டு வருடக் கணக்கு கையில் இருந்தால் அதையும் சேர்ப்பார்கள். இந்த வீட்டுக்கு அது உதவாது, அடுத்ததற்கு உதவும். இந்த மாதமே தொடங்கிவிடுங்கள்.

இப்போது சுவாரஸ்யமான இடம். நீங்கள் எழுதியபடி மூன்று கடன்களையும் சேர்த்துப் பாக்கி அசல் சுமார் 2 லட்சத்து 40 ஆயிரம்தான். அதைக் கட்டி முடித்தால் 42,000 முழுவதும் வீட்டுக் கடனுக்கு மிஞ்சும். தகுதி 48 லட்சமாக ஏறும். 2.40 லட்சம் கட்டினால் 20 லட்சம் கூடுதல் தகுதி. இதை உங்களுக்கு எந்த ஏஜென்ட்டும் சொல்லியிருக்க மாட்டார். எல்லாரும் கடனை முடித்துவிட்டு வந்தால் அவர் எத்தனை பேருக்கு ஃபைல் போடுவது?

ஸ்கோர் 25 புள்ளி இறங்கியதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வங்கி உங்கள் ரிப்போர்ட்டை எடுக்கும், அது பதிவாகும். இரண்டு மாதத்தில் ஆறு இடத்தில் கேட்டவர் என்று தெரிந்தால் ஏழாவது வங்கி கொஞ்சம் முகம் சுளிக்கும். நீங்களே உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. வருடத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட் இலவசம். சில மாதம் புதிதாக எங்கும் கேட்காமல் இருந்தால் தானாக ஏறிவிடும்.

அடுத்தது வீடு. இதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன்.

பேனல் வக்கீல் (பத்திரங்களைச் சரிபார்க்க வங்கி வைத்திருக்கும் வக்கீல்) சொன்னது என்று நீங்கள் எழுதியிருப்பது இது: அந்த நிலம் பூர்வீகச் சொத்து. 1998-ல் அப்பாவும் இரண்டு மகன்களும் பதிவு செய்த பாகப்பிரிவினை போட்டுக்கொண்டார்கள். மூத்த மகன் பங்குக்கு வந்த இடத்தைத்தான் பிறகு மனையாகப் பிரித்து விற்றிருக்கிறார், உங்களுக்கு வீட்டை விற்பவர் அதில் ஒன்றை வாங்கி வீடு கட்டியிருக்கிறார். மனை வரன்முறை ஆகிவிட்டது, அதாவது அனுமதியில்லாமல் பிரித்த மனைக்குப் பிறகு அரசு அங்கீகாரம் கிடைத்துவிட்டது என்பது நல்ல விஷயம், அது ஒரு தலைவலி குறைவு. ஆனால் அந்தக் குடும்பத்தில் ஒரு தங்கையும் உண்டு. பாகப்பிரிவினையில் அவர் பெயரே இல்லை.

‘இத்தனை வருஷம் கழிச்சு யாருங்க கேக்கப் போறாங்க’ என்று புரோக்கர் சொன்னாராம். கேட்பார்கள். தங்கை கேட்காவிட்டால் தங்கையின் பிள்ளைகள் கேட்பார்கள். துடியலூர் பக்கம் நிலம் விற்கும் விலைக்கு யாருக்கும் ஞாபக மறதி வராது.

சட்டம் இங்கே என்ன சொல்கிறது என்றால் (இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்து என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன், நான் வக்கீல் இல்லை, வக்கீல்கள் எழுதிய அறிக்கைகளை வருடக்கணக்கில் படித்தவன்): மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே சம உரிமை என்பதை நாடு முழுக்க 2005-ல் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 1989 மார்ச் 25 முதல் அந்த உரிமை உண்டு. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே திருமணமான மகள்களுக்கு அந்தத் தமிழ்நாட்டுத் திருத்தம் பொருந்தாது. 2005 சட்டமோ, 2004 டிசம்பர் 20-க்கு முன்பு பதிவான பாகப்பிரிவினைகளைத் தொடாது. ஆக, 1998 பத்திரம் செல்லுமா என்ற கேள்வி கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. அந்தத் தங்கைக்கு எப்போது கல்யாணம் நடந்தது? 1989 மார்ச்சுக்கு முன்பா, பின்பா?

முன்பு என்றால், அதற்கான ஆதாரத்தோடு வக்கீலிடம் மறுபடி போனால் அவர் கருத்து மாற வாய்ப்பு இருக்கிறது. பின்பு என்றால் வேறு வழியில்லை, தங்கை தன் உரிமையை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும், அல்லது உங்கள் கிரயப் பத்திரத்திலேயே அவரும் ஒரு தரப்பாகச் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் காலமாகியிருந்தால் வாரிசுகள் எல்லாரும். இதைச் செய்து கொடுக்க வேண்டியது விற்பவரின் வேலை, அவர் செலவு. நீங்கள் தங்கை வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள்.

இதில் எனக்கே ஒரு அனுபவம் உண்டு. நான் வேலை பார்த்த வங்கியிலேயே, ஸ்டாஃப் லோனுக்கு நான் கொடுத்த ஃபைலை லீகலில் திருப்பி அனுப்பினார்கள். பத்திரத்தில் ஒரு சர்வே எண், பட்டாவில் வேறு உட்பிரிவு. ஊருக்கெல்லாம் லோன் போட்டுக் கொடுக்கிறவனுக்கே லோன் இல்லையா என்று வீட்டில் ஒரு வாரம் கேலி. எனக்கும் கோபம்தான். பிறகு சர்வேயரை வைத்து அளந்து பார்த்தபோது, எனக்கு விற்க வந்தவர் காட்டிய இடம் ஒன்று, பத்திரத்தில் இருந்த இடம் பக்கத்தில் இன்னொன்று. அந்த லீகல் அறிக்கையை எழுதிய வக்கீலுக்கு இன்றைக்கும் பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறேன்.

மாடி விஷயம் சுலபமாகத் தெரியும், ஆனால் அதுதான் பணத்தைத் தின்கிறது. கீழ்த்தளத்துக்கு மட்டும் வரைபட அனுமதி வாங்கிவிட்டு மேலே இரண்டு அறை ஏற்றியிருக்கிறார். அனுமதி இல்லாத பகுதிக்கு வேல்யூவர் மதிப்புப் போட மாட்டார். 58 எப்படி 49 ஆனது என்பதற்கு முக்கியக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். இந்த அளவுக் கடனுக்கு, அதாவது 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை, வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மதிப்பு என்று வங்கி எடுத்துக்கொள்வது பேசிய விலையையும் வேல்யூவர் போட்டதையும் வைத்துப் பார்த்து எது குறைவோ அதை. 49-இல் 80 சதவீதம் 39 லட்சத்து 20 ஆயிரம். உங்கள் வருமானத் தகுதி 48 லட்சமாக ஏறினாலும் இந்த வீட்டுக்கு 39.20-க்கு மேல் வராது.

அப்படியானால் 58 லட்சத்துக்கு வாங்க உங்கள் கையில் எவ்வளவு வேண்டும்? விலையில் மிச்சம் 18.80 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்த்து 9 சதவீதம், 5.22 லட்சம். இந்தச் செலவை வங்கி வீட்டு மதிப்பில் சேர்க்காது, முதல் முறை வாங்குகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள். நீங்களும் மறந்திருக்கிறீர்கள், கடிதத்தில் எங்கும் இல்லை. ஆக 24 லட்சம், அதற்கு மேல் பழைய கடனை முடிக்க வேறு. உங்களிடம் இருப்பது 12. அந்த அரசு வங்கி லீகல் சரி என்று சொல்லியிருந்தால் அக்ரிமென்ட் முடியும் வாரத்தில் நகையை அள்ளிக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடியிருப்பீர்கள்.

புரோக்கரின் 40 லட்சம் யோசனையையும் இதே கணக்கில் வைத்துப் பாருங்கள். 18 லட்சத்தைக் குறைத்துக் காட்டினால் பதிவில் மிச்சமாவது 1.62 லட்சம். ஆனால் பத்திரத்தில் 40 என்றால் வங்கி கொடுப்பது 32 லட்சம்தான், கடனில் 7.20 லட்சம் போய்விடும். அந்த 18 லட்சத்தையும் கணக்கில் வராத ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். நிலம், வீடு விற்கிறவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. உங்கள் சேமிப்பு முழுக்க வங்கிக் கணக்கில் இருக்கும் வெள்ளைப் பணம், அதைக் கருப்பாக்கிக் கொடுத்துவிட்டு நாளைக்கு விற்கும்போது லாபம் அதிகம் என்று வரி கட்டப் போவதும் நீங்கள்தான். இன்னொன்று, விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் வாங்குகிறவர் 1 சதவீதம் வரி பிடித்து விற்பவரின் பான் எண்ணில் கட்ட வேண்டும். இதை அக்ரிமென்ட் போடும்போதே சொல்லிவிட வேண்டும், கடைசி நாளில் சொன்னால் சண்டை.

ஃபைனான்ஸ் கம்பெனி பற்றி. லீகலில் ஓட்டை உள்ள வீட்டுக்கும் கடன் கொடுக்க ஆள் உண்டு, அந்த ஓட்டைக்கும் சேர்த்து வட்டி போடுவார்கள், அவ்வளவுதான். உதாரணத்துக்கு 40 லட்சம், 20 வருடம்: எட்டரை சதவீதத்தில் தவணை சுமார் 34,700. பன்னிரண்டரை சதவீதத்தில் 45,400. மாதம் பத்தாயிரத்துக்கு மேல் வித்தியாசம். இரண்டு வருடம் கட்டிவிட்டு வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். மாற்றப் போகும்போது அந்த வங்கியின் பேனல் வக்கீலும் இதே பாகப்பிரிவினையைத்தான் படிப்பார். தங்கை கையெழுத்து அப்போதும் இருக்காது.

சரி, இந்த ஐந்து வாரத்தில் என்ன செய்வது?

நாளைக்கே இரண்டு வங்கிக்கும் கடிதம் எழுதுங்கள். கடன் விண்ணப்பத்தை நிராகரித்தால் அதற்கான முக்கியக் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி, கடன் சிறியதானாலும் பெரியதானாலும். ‘பாலிசி’ என்பது காரணம் இல்லை. பதில் வராமல் 30 நாள் ஆனால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மனுக்கு (குறைதீர்ப்பாளர்) போகலாம், ஆனால் கடன் கொடுக்கச் சொல்லி அவர் உத்தரவு போட மாட்டார், அது வங்கியின் முடிவு. உங்களுக்கு உண்மையில் தேவை லீகல் அறிக்கையின் நகலும் வேல்யூவேஷன் நகலும். அவற்றுக்குக் கட்டணம் கட்டியது நீங்கள். கொடுக்கத் தயங்குவார்கள். மேனேஜரை நேரில் பார்த்து, விற்பவரிடம் காட்டத்தான் என்று பொறுமையாகக் கேளுங்கள், பெரும்பாலும் கிடைக்கும்.

அது கையில் வந்ததும் விற்பவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். சொத்தின் உரிமையில் உள்ள குறையை வாங்குகிறவரிடம் சொல்ல வேண்டியது விற்பவரின் கடமை என்று 1882-ஆம் வருட சொத்துரிமை மாற்றுச் சட்டமே சொல்கிறது. தங்கையின் கையெழுத்தை வாங்கித் தரும் வரை அக்ரிமென்ட் காலத்தை நீட்டிக்க வேண்டும், முடியாவிட்டால் 3 லட்சத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று கேளுங்கள். வாயால் பேசி நீட்டிக்காதீர்கள், எழுத்தில் வேண்டும். உங்கள் அக்ரிமென்ட் 20 ரூபாய் முத்திரைத் தாளில், பதிவு செய்யாதது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும், எத்தனை பேர் செய்கிறார்கள் என்பது வேறு கதை. நல்ல வேளையாக அட்வான்ஸை வங்கி வழியாக அனுப்பியிருக்கிறீர்கள், பணம் போனதற்கு அது சாட்சி. அவர் முரண்டு பிடித்தால் உள்ளூரில் நல்ல சிவில் வக்கீல் ஒருவரிடம் நோட்டீஸ் அனுப்பச் சொல்லுங்கள், புரோக்கர் சிபாரிசு செய்யும் வக்கீல் வேண்டாம்.

அப்புறம் விலை. வேல்யூவேஷன் அறிக்கை உங்களுக்குக் கிடைத்த ஆயுதம். மாடிக்கு அனுமதி இல்லாத வரை அடுத்து வருகிறவருக்கும் வங்கி இதையேதான் சொல்லும், விற்பவருக்கும் அது தெரியும். 49-க்கு இறங்கி வந்தால் கணக்கு இப்படி: விலையில் உங்கள் பங்கு 9.80 லட்சம், பதிவுச் செலவு 4.41 லட்சம். 39.20 லட்சத்துக்குத் தவணை சுமார் 34,000, உங்கள் எல்லை 42,000. அதனால் பைக்கையும் போனையும் விட்டுவிட்டு 9,800 கட்டும் பர்சனல் லோனை மட்டும் முடித்தால் போதும், அது சுமார் 1.60 லட்சம். மொத்தம் கிட்டத்தட்ட 15.80 லட்சம். கையில் 12. மீதி 3.80 லட்சத்துக்குக் கணவரின் பி.எஃப். கணக்கைப் பாருங்கள், வீடு வாங்க அதிலிருந்து எடுக்க வழி உண்டு. நகைக் கடனோ இன்னொரு பர்சனல் லோனோ வாங்கினால் அதுவும் ரிப்போர்ட்டில் ஏறித் தகுதியைக் கடிக்கும்.

49-க்கு வரவில்லையா, விட்டுவிடுங்கள். மாதம் 34,000 கட்டிவிட்டு வாழ்வதே உங்கள் வருமானத்துக்கு இழுத்துப் பிடிக்கும் வேலை. 58-க்கு வாங்கினால் முதல் வருடமே மூச்சு முட்டும். அதே பணத்தில் அப்ரூவல் சுத்தமாக உள்ள 45 லட்சம் வீட்டை ஒரு வருடம் தேடுவது மேல் என்பேன். அப்படித் தேடும்போது அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே வங்கியில் உங்களுக்கு எவ்வளவு வரும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பத்திர நகல்களை அதே வங்கியின் பேனல் வக்கீல் ஒருவரிடம் காட்டி, 30 வருட வில்லங்கச் சான்றோடு கருத்துக் கேளுங்கள். சில ஆயிரம் ஆகும். 3 லட்சம் மாட்டிக்கொண்டு நிற்பதற்கு அது எவ்வளவோ மலிவு. அக்ரிமென்ட்டில் ‘லீகல் காரணத்தால் வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முழு அட்வான்ஸும் திருப்பித் தரப்படும்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வரிக்கு ஒப்புக்கொள்ளாத விற்பவரிடம் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த வாரம் வேறு எந்த ஆப்பிலும் அப்ளை செய்யாதீர்கள். லீகல் அறிக்கை நகல் கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன். விற்பவரிடம் பேசும்போது, மூத்த மகன் வீட்டில் யாரிடமாவது அந்தத் தங்கையின் கல்யாணப் பத்திரிகை இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் டிரங்குப் பெட்டியின் அடியில் மஞ்சள் தடவிய ஒரு பிரதியாவது கிடக்கும்.